இடம் மாறிய இருவர்: பெரியார், ராஜாஜி, கட்சிச் சார்பு (1952–1971)

1. கேள்வி

1967 பொதுத்தேர்தலில் ராஜாஜி தி.மு.க. கூட்டணியில் இருந்தார்; பெரியார் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1971 தேர்தலில், ராஜாஜி காமராசரின் காங்கிரசோடு கூட்டணி கண்டார், பெரியார் தி.மு.க.வுக்கு வாக்குக் கேட்டார். இரண்டு தேர்தல்களிலும் இருவரும் எதிரெதிர் அணிகளில்தான் நின்றார்கள். ஆனால் இடையில் அணிகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 1971இல் இருவருமே தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். பதவிக்காகவோ எதிர்காலத்துக்காகவோ அணி மாறினார்கள் என்று சொல்ல அந்த வயதில் இடமில்லை.

தமிழக அரசியல் வரலாற்றில் இந்த இடமாற்றம் பெரும்பாலும் ஒரு சுவையான துணுக்காகவே சொல்லப்பட்டு வருகிறது. அது அதற்குமேல் ஆராயத்தக்கது. ஒருவருடைய கட்சிச் சார்பு அவர் வாழ்நாளில் மாறும்போது உண்மையில் மாறுவது எது? அவருடைய கொள்கையா, கட்சியின் போக்கா, அல்லது இன்றைக்கு முதல் எதிரி யார் என்று அவர் போடும் கணக்கா? பெரியார், ராஜாஜி இருவர் விஷயத்திலும் மூன்றாவதே மிகுதியாக விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வாதத்துக்கு அடங்காத இடங்களும் உண்டு. அவற்றை மறைக்காமல் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

கட்சிச் சார்பு பற்றிய நவீன ஆய்வு அமெரிக்காவில் வேர்கொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆங்கஸ் கேம்ப்பெல், பிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் ஆகிய நால்வர் 1960இல் ‘தி அமெரிக்கன் வோட்டர்’ என்ற நூலை வெளியிட்டனர். கட்சிச் சார்பு பெரும்பாலும் வீட்டிலேயே, பெற்றோரிடமிருந்தே வருகிறது. மதத்தைப் போல அது ஓர் அடையாளம். வயது ஏற ஏற இறுகும். மாறுவது அரிது என்பது அவர்கள் முடிவு. இதற்கு எதிர்வாதமாக மோரிஸ் ஃபியோரினா 1981இல் எழுதினார். வாக்காளர் ஒவ்வோர் ஆட்சியின் செயலையும் மனத்துக்குள் வரவு செலவு எழுதிக்கொண்டே வருகிறார். அவருடைய கட்சிச் சார்பு என்பது அந்தக் கணக்கின் அன்றைய நிலுவைதான் என்பது அவர் கருத்து. இவ்விரண்டுக்கும் முன்பே, 1928இல், கார்ல் மான்ஹெய்ம் தலைமுறை பற்றிய கட்டுரையில் இளமைக்கால நிகழ்ச்சிகள் ஒருவருடைய அரசியல் பார்வையை வாழ்நாள் முழுக்க வடிவமைக்கின்றன என்று வாதிட்டிருந்தார்.

நம் இருவரையும் இந்தச் சட்டகங்களில் பொருத்திப் பார்த்தால் எதிலும் முழுதாக அடங்கமாட்டார்கள். இருவருடைய அரசியல் இளமையும் ஒன்றே. ராஜாஜி 1878 டிசம்பரில் பிறந்தவர், பெரியார் 1879 செப்டம்பரில். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவர், ஏறத்தாழ ஒரே காலத்தில். இருவரும் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் பதவியையும் வருவாயையும் விட்டு இறங்கியவர்கள். ஒரே தலைமுறை, ஒரே தொடக்கம். முடிவுகளோ நேர் எதிர். மிச்சிகன் ஆய்வாளர்கள் சொன்ன முதுமை இறுக்கமும் இங்கே இல்லை. இருவரும் தங்கள் மிகப் பெரிய திருப்பங்களை எழுபது வயதுக்கு மேல்தான் எடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்குள் நிலவும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று, சந்தர்ப்பவாதம். இருவரையும் அவரவர் எதிரிகள் இப்படித்தான் ஏசினார்கள். மற்றது, மாறாமை. ‘அவர் மாறவில்லை, கட்சிகள்தாம் மாறின’ என்பது அவரவர் அன்பர்களின் வாதம். ராஜாஜி பற்றிய ராஜ்மோகன் காந்தியின் வாழ்க்கை வரலாறும், சுதந்திராக் கட்சி பற்றி ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட நூலும் இதைவிட நுட்பமானவை. என்றாலும் அவை ராஜாஜியின் பக்கத்திலிருந்து மட்டும் கதையைப் பார்ப்பவை. பெரியார் ஆய்வுகள் பெரும்பாலும் 1925 முதல் 1949 வரையான காலத்தில் தங்கிவிடுகின்றன. 1954க்குப் பிந்தைய காங்கிரஸ் ஆதரவு ஏதோ ஒரு பின்னிணைப்புப் போலச் சுருக்கமாகக் கடந்து செல்லப்படுகிறது.

3. சான்றுகளைப் பற்றி

கட்சி மாறியவர் எழுதும் தன்வரலாறு மாறிய பிறகு எழுதப்படுவது. பழைய கட்சியில் இருந்த காலத்திலேயே சந்தேகங்கள் முளைத்துவிட்டதாக அது காட்டும். கண்ணதாசனின் ‘வனவாசம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தி.மு.க.வில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றிய அந்நூல், அவர் அங்கிருந்து வெளியேறிய பின் எழுதப்பட்டது. அதைப் படித்தால் அவர் ஏன் வெளியேறினார் என்பது விளங்கிவிடும். இத்தனை ஆண்டுகள் ஏன் உள்ளே இருந்தார் என்பதுதான் விளங்காது. அதை அந்தக் காலத்து மேடைப் பேச்சுகளிலும் இதழ்களிலும் தேட வேண்டும்.

பெரியார் விஷயத்தில் சிக்கல் வேறு வகை. வே. ஆனைமுத்து தொகுத்து 1974இல் வெளிவந்த ‘பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்’ ஆய்வாளருக்குத் தவிர்க்க முடியாத பெரும் கொடை. ஆனால் அது பொருள்வாரியாக அமைந்தது. 1928இல் சொன்னதும் 1958இல் சொன்னதும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து வரும்போது, சொன்னவர் அசையாத மலைபோலத் தோன்றுவார். அதே பேச்சுகளை ‘குடி அரசு’, ‘விடுதலை’ இதழ்களின் நாள்வரிசையில் வைத்துப் படித்தால் வேறொரு மனிதர் தெரிவார். வாரத்துக்கு வாரம் நிலைமையை அளந்து, யாரை இன்று தாக்குவது, யாரை விட்டுவைப்பது என்று தீர்மானிக்கும் தந்திரசாலியான அரசியல்வாதி அவர். ராஜாஜிக்கு ‘சுயராஜ்யா’ வார இதழ் இதே போன்ற நாள்வரிசையைத் தருகிறது. இக்கட்டுரை நாள்வரிசையையே நம்புகிறது.

4. ராஜாஜி: முதல் எதிரியின் வரிசை

ராஜாஜி காங்கிரசை இருமுறை விட்டவர். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை எதிர்த்து, முஸ்லிம் லீகோடு உடன்பாடு வேண்டும் என்று வாதாடி வெளியேறினார், 1945இல் திரும்பினார். மேற்கு வங்க ஆளுநர், கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று வரிசையாகப் பதவிகள் வகித்தபின், 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானார்.

அந்த 1952 ஆட்சி எப்படி அமைந்தது என்பது நம் கேள்விக்கு நேரடித் தொடர்புள்ளது. 375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் இடம்பெற்ற எதிரணி ஆட்சியைக் கோரியது. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் சட்ட மேலவைக்கு நியமித்தார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் சேர்ந்தார். சுயேச்சைகள் பலர் ஆதரவு தந்தனர். ராஜாஜியைப் பதவியில் அமர்த்தியதே அணிமாற்றங்கள்தான். அவரோ கம்யூனிஸ்டுகளையே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் வெளிப்படையாக அறிவித்தார். அந்த எதிரியைத் தடுக்க மற்ற எல்லாரோடும் சேரலாம் என்பது அவர் அப்போதே கைக்கொண்ட நடைமுறை.

பதினைந்து ஆண்டுகளில் அந்த வரிசை தலைகீழானது. 1953இல் அவர் கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம் ‘குலக்கல்வி’ என்ற பெயரைப் பெற்று, அவருடைய பதவியைப் பறித்தது. 1957இல் காங்கிரசிலிருந்து விலகினார். நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றிய 1959ஆம் ஆண்டிலேயே, ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியின் பிறப்பை அறிவித்தார். அதன்பின் அவர் எழுதியவற்றில் ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்’ என்ற வசை திரும்பத் திரும்ப வருகிறது. 1967இல் தி.மு.க. அமைத்த முன்னணியில் சுதந்திராக் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்டுக் கட்சியும் இருந்தது. 1952இன் முதல் எதிரியின் ஒரு பிரிவோடு ஒரே அணி. பொருளாதாரக் கொள்கையை வைத்து இதை விளக்கவே முடியாது. தனியார் துறைக்காக ஒரு கட்சியையே தொடங்கியவர், தொழில்களை நாட்டுடைமையாக்கச் சொல்பவர்களோடு கூட்டுச் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான் இருந்தது: எதிரே நின்றது காங்கிரஸ்.

பூணூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்கு வாக்களியுங்கள் என்று அவர் பிராமணர்களைக் கேட்டுக்கொண்டார் என்ற செய்தி இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. சொற்கள் அப்படியே அவருடையவைதானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தம் ஆதரவாளர்கள் அருவருப்போடுதான் அந்தச் சின்னத்தை நெருங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்பதையே அந்தக் கதை காட்டுகிறது. பற்று இல்லாத ஆதரவு அது.

5. பெரியார்: வெளியிலிருந்து ஆதரித்தவர்

பெரியாரின் பாதை இன்னும் வளைவுகள் கொண்டது. 1919 வாக்கில் காங்கிரஸ்; 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டு வெளியேற்றம்; சுயமரியாதை இயக்கம்; சோவியத் பயணத்துக்குப்பின் சமதர்மத் திட்டம், பின்னர் அதிலிருந்து பின்வாங்கல்; 1938இல் சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சித் தலைமை; 1944 சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம். 1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு ஆதரவு. 1954 முதல் 1967 வரை காமராசருக்காகக் காங்கிரசுக்கு ஆதரவு. அதன்பின் இறுதிவரை தி.மு.க. ஆட்சிக்கு ஆதரவு.

இதில் 1925க்குப் பின் பெரியார் எந்தத் தேர்தலிலும் வேட்பாளர் அல்லர். திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காத அமைப்பு. உறுப்பினராக இருந்து கட்சி மாறுபவருக்குள்ள இழப்பு எதுவும் இவருக்கு இல்லை. பதவி போகாது, தொகுதி போகாது, கட்சிக்காரர்களின் உறவு போகாது. ஆகவே உறுப்பினருக்குப் பொருந்தும் அளவுகோலால் வெளியாதரவாளரை அளப்பது தவறு. உறுப்பினர் விஷயத்தில் ‘ஏன் விலகினார்’ என்று கேட்கலாம். வெளியாதரவாளரிடம் கேட்க வேண்டியது வேறு: ஆதரித்த கட்சியோடு அவர் எதில் சண்டையிட்டார்?

இந்தக் கேள்வியைப் பெரியாரிடம் கேட்டால் பதில் தெளிவாகவே கிடைக்கிறது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அரைநேரப் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. அவர் சட்டமன்றத்துக்குள் வரக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது பெரியார் ஆதரித்தார். ‘பச்சைத் தமிழர்’ என்று கொண்டாடினார். 1957 பொதுத்தேர்தலிலும் ஆதரவு. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, சாதியைப் பாதுகாக்கிறது என்ற குற்றச்சாட்டோடு அரசியல் சட்டப் பிரிவுகளை எரிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகம் நடத்தியது. காமராசர் அரசு அதற்கென்றே மூன்றாண்டுவரை தண்டனை தரும் சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சிறை சென்றார்கள். சிறையில் உயிர்விட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு 1962 தேர்தலில் பெரியார் மீண்டும் காங்கிரசுக்கே வாக்குக் கேட்டார்.

தன் தொண்டர்களைச் சிறையிலிட்ட அரசைத் தொடர்ந்து ஆதரித்ததைச் சந்தர்ப்பவாதம் என்ற சொல்லால் விளக்க முடியாது. சந்தர்ப்பவாதிக்கு ஏதேனும் ஆதாயம் வேண்டும். பற்று என்ற சொல்லாலும் விளக்க முடியாது. பற்றுள்ளவர் அந்த அரசின் சட்டத்துக்கு எதிராக இப்படி ஒரு போராட்டத்தை அறிவித்திருக்கமாட்டார். மிச்சமிருப்பது ஒப்பீடு. காமராசர் விழுந்தால் அந்த இடத்துக்கு வருவது யார் என்ற கேள்வி. 1954இல் அதற்கு அவர் கண்ட பதில், ராஜாஜி. 1959க்குப் பிறகு, ராஜாஜியும் அவரோடு சேரக்கூடியவர்களும்.

இங்கே ஓர் இடைச்செருகல் தேவைப்படுகிறது. ராஜாஜியைப் பெரியார் தனிமனிதராக வெறுத்தவர் அல்லர். 1949 மே மாதம் தம் திருமணம் பற்றி யோசனை கேட்க அவர் திருவண்ணாமலையில் சந்தித்தது, அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த இதே ராஜாஜியைத்தான். அந்தத் திருமணத்தைக் காரணம் காட்டித்தான் அண்ணாவும் மற்றவர்களும் பிரிந்து 1949 செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கினர். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார். எதிரி என்று நான் சொல்வது ஓர் ஆளை அல்ல. அந்த ஆள் ஆட்சிக்கு வந்தால் எந்த ஏற்பாடு திரும்பும் என்ற அச்சத்தை.

6. 1965: ஒரு சோதனை

மூன்று விளக்கங்களில் எது நிற்கும் என்று பார்க்க 1965ஐவிட நல்ல இடம் கிடைக்காது. 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. அதை எதிர்த்துச் சிறை சென்றவர் பெரியார். 1965 ஜனவரி 26 அன்று இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழ்நாடு எரிந்தபோது, ராஜாஜி இந்தியை எதிர்த்தார். பெரியார் போராட்டத்தைக் கண்டித்தார்.

கொள்கைதான் சார்பைத் தீர்மானிக்கிறது என்றால் இருவரில் ஒருவராவது பழைய இடத்தில் நின்றிருக்க வேண்டும். இருவருமே நகர்ந்திருக்கிறார்கள். கட்சிகள்தாம் மாறின என்ற வாதமும் இங்கே செல்லாது. இந்தி விஷயத்தில் டெல்லிக் காங்கிரசின் திசை 1937க்கும் 1965க்கும் இடையில் மாறிவிடவில்லை.

இருவர் பக்கமும் விளக்கங்கள் உண்டு. அவற்றை எளிதில் தள்ளிவிடக் கூடாது. பள்ளியில் ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அதை நாட்டின் ஒரே ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தை விலக்குவது வேறு என்பது ராஜாஜியின் நிலை. அதில் தர்க்கம் இருக்கிறது. பெரியாரும் ஆங்கிலமே வேண்டும் என்றவர்தான், இந்தியை ஏற்கவில்லை. அவர் எதிர்த்தது போராட்டத்தின் கலவரத்தையும், அதன் பயன் யாருக்குப் போகும் என்பதையும். தி.மு.க.வினரைக் ‘கண்ணீர்த் துளிகள்’ என்று பதினைந்து ஆண்டுகளாக எள்ளிவந்த அவர், அவர்களோடு ராஜாஜியும் சேர்ந்து நிற்பதைக் கண்டபோது, மொழிப் பிரச்சினையை ஆட்சி மாற்றத்துக்கான கருவியாகவே பார்த்தார். இந்திமீது அவருக்கிருந்த வெறுப்பு அப்படியே இருந்தது. அதைவிட முன்னால் வேறொன்று வந்து நின்றது, அவ்வளவே.

ஒரு கருத்து ஒருவரிடம் இருக்கிறதா என்று கேட்பது போதாது; அன்றைக்கு அது வரிசையில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று கேட்க வேண்டும். தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இந்த வரிசை எண் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

கருத்துகளே மாறிய இடங்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கள்ளுக்கடை மறியல் காலத்தில் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் மதுவிலக்குக் கொள்கையையே எதிர்த்தார். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த ராஜாஜி அதில் கடைசிவரை அசையவில்லை. தாம் 1967இல் கோட்டைக்கு அனுப்ப உதவிய கட்சியின் அரசு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, முதுமையைப் பொருட்படுத்தாமல் முதலமைச்சர் கலைஞரின் வீட்டுக்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை.

7. உள்ளே இருந்தவர்கள்

உறுப்பினர்களின் கதை வேறு தாளத்தில் நடக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பில் அதிருப்தி கொண்டவருக்கு இரு வழிகள் என்றார்: குரல் எழுப்புவது, அல்லது வெளியேறுவது. பற்று அதிகமானால் முதல் வழி நீளும், இரண்டாவது தள்ளிப்போகும்.

ஈ.வெ.கி. சம்பத் இதற்குப் பொருத்தமானவர். பெரியாரின் அண்ணன் மகன்; 1949இல் பெரியாரை விட்டு அண்ணாவோடு வெளியேறினார்; 1957இல் நாமக்கல்லிலிருந்து தி.மு.க. சார்பில் நாடாளுமன்றம் சென்றார். திராவிட நாடு கோரிக்கை, கட்சிக்குள் திரைத்துறையினரின் செல்வாக்கு ஆகியவற்றில் உள்ளேயே சண்டையிட்டார், உண்ணாவிரதம் இருந்தார், 1961 ஏப்ரலில் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கண்ணதாசனும் உடன் சென்றார். 1964இல் அந்தக் கட்சி காங்கிரசில் கலந்தது. இவர்களுக்கு எதிரியின் வரிசை தலைகீழானது ஒரே நாளில் அல்ல. முதலில் கட்சிக்குள்ளேயே ஓர் எதிரி உருவாகி, பிறகே வெளியிலிருந்த எதிரி நண்பராகத் தெரிந்தார். 1953 கல்லக்குடிப் போராட்டத்தில் காங்கிரஸ் ஆட்சியால் சிறைப்பட்ட கண்ணதாசன் காமராசரைப் பாடும் இடத்துக்கு வர இந்த இடைப்படி தேவைப்பட்டது.

ம.பொ. சிவஞானத்துக்கு அந்த இடைப்படியும் தேவைப்படவில்லை. காங்கிரஸ்காரராக விடுதலைப் போரில் சிறை சென்றவர், 1946இல் தமிழரசுக் கழகம் தொடங்கியவர், திராவிட இயக்கத்தை மேடைமேடையாகத் தாக்கியவர். அவரே 1967இல் தி.மு.க. கூட்டணியில் தியாகராய நகரில் வென்றார். அவருடைய முதல் கேள்வி தமிழகத்தின் எல்லையும் பெயரும். அதற்கு உதவுபவர் யாராயினும் அவருக்குச் சரி. இங்கே கொள்கை விளக்கம் ஓரளவு வெல்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

8. வாக்காளர்

தலைவர்களைப் பற்றிச் சொன்னது வாக்காளருக்கும் பொருந்துமா? 1967ஐ மக்கள் காங்கிரசைக் கைவிட்ட ஆண்டு என்று சொல்வது வழக்கம். எண்கள் அவ்வளவு நாடகமாக இல்லை. சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 1962இல் பெற்றது ஏறத்தாழ 46 சதவீத வாக்குகள். 1967இல் ஏறத்தாழ 41. தி.மு.க. 27இலிருந்து 41ஐ நெருங்கியது. ஆனாலும் காங்கிரசைவிட நூலிழை குறைவு. காங்கிரஸ் இழந்தது ஐந்து புள்ளி, தி.மு.க. பெற்றது பதின்மூன்றுக்கு மேல். வேறுபாட்டின் பெரும்பகுதி காங்கிரஸ்காரர்கள் மனம் மாறியதால் வந்திருக்க முடியாது. தி.மு.க. கூடுதல் தொகுதிகளில் நின்றது, புதிய வாக்காளர்கள் வந்தார்கள், வாக்குப்பதிவு கூடியது. இவற்றோடு, முன்பு சிதறிக்கிடந்த எதிர்ப்பு வாக்குகள் ஒரே முன்னணியில் குவிந்தன. தலைவர்கள் எதிரியின் வரிசையை ஒத்திசைத்துக்கொண்டதன் பயன் அது.

1971 இன்னும் விசித்திரம். 1969 காங்கிரஸ் பிளவுக்குப் பின் தமிழ்நாட்டில் காமராசர் பழைய காங்கிரசில் இருந்தார். இந்திரா காந்தியின் காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து, சட்டமன்றத்துக்கு ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. இந்திரா பக்கம் நின்ற காங்கிரஸ்காரர், நாற்பது ஆண்டு கதர் கட்டியவராக இருந்தாலும், சட்டமன்றத்துக்கு உதயசூரியனுக்கே வாக்களிக்க வேண்டியிருந்தது. காமராசர் பக்கம் நின்றவரோ, காமராசரை எதிர்த்துவந்த ராஜாஜியின் கட்சியோடு கைகோக்க வேண்டியிருந்தது. இருந்த இடத்தில் அசையாமல் நின்றவரும் அணி மாறிய ஆண்டு அது. கட்சிகள்தாம் மாறின என்ற விளக்கத்துக்குத் தமிழக வரலாற்றில் கிடைக்கும் மிக வலுவான சான்று இதுவே என்று நினைக்கிறேன். 184 இடங்களோடு தி.மு.க. வென்றது, சுதந்திராக் கட்சிக்கு ஆறு.

இந்தப் பின்னணியில், உங்களை எந்தக் கட்சிக்காரராகக் கருதுகிறீர்கள் என்று கேட்டு அளக்கும் மிச்சிகன் முறை நம் ஊரில் தடுமாறுவது இயல்பு. கூட்டணி ஆட்டத்தில் வாக்காளர் தன் சின்னத்துக்கே வாக்களிக்க வாய்ப்பில்லாத தொகுதிகள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. வாக்கை வைத்துப் பற்றை ஊகிக்க முடியாது. பற்றை வைத்து வாக்கையும் ஊகிக்க முடியாது.

9. வாதம் தடுக்கும் இடங்கள்

பெரியாரின் 1967 திருப்பம் என் விளக்கத்துக்கு எளிதில் பணிவதில்லை. ராஜாஜியைத் தடுப்பதே அவர் கணக்கு என்றால், ராஜாஜியின் கூட்டணி வென்ற பிறகு அவர் எதிர்ப்பை முடுக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. வெற்றி உறுதியானதும் அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைச் சந்தித்தார். பதினெட்டு ஆண்டுப் பிணக்கு அங்கே முடிந்தது. அதே ஆண்டில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் திருத்தம் வந்தது. தம் ஆட்சியே பெரியாருக்குக் காணிக்கை என்றார் அண்ணா. 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் சட்டத்தைக் கலைஞர் அரசு கொண்டுவந்தது.

இதற்கு இரண்டு வாசிப்புகள் சாத்தியம். புதிய அரசு ராஜாஜியின் பிடியில் இல்லை என்று கண்டதும் பெரியாரின் அச்சம் நீங்கியது என்பது ஒன்று. இது என் வாதத்தைக் காப்பாற்றும். பழைய பாசமும் மதிக்கப்பட்ட மகிழ்ச்சியும் கணக்கை முந்திக்கொண்டன என்பது மற்றது. நாள்வரிசை இரண்டாவதை ஆதரிக்கிறது. சந்திப்பு முதலில் நடந்தது. சட்டங்கள் பின்னர் வந்தன. பாசம் முந்தியது, கணக்கு அதை உறுதிசெய்தது என்று சொல்வதே சான்றுகளுக்கு நேர்மையாக இருக்கும்.

ராஜாஜியின் திருப்பத்தில் இத்தகைய குழப்பம் இல்லை. தி.மு.க. அரசில் அவருடைய யோசனைக்கு இடமில்லாமல் போயிற்று. 1969இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கிய இந்திரா காந்தி அவருடைய வரிசையில் முதலிடத்துக்கு வந்தார். அவரோடு தி.மு.க. சேர்ந்ததும் ராஜாஜி காமராசரிடம் போனார். 1952இல் போட்ட அதே கணக்கு, பெயர்கள் மட்டும் வேறு.

பெரியாருக்குப் பிந்தைய திராவிடர் கழகமும் ஒரு சோதனையை முன்வைக்கிறது. 1992 மண்டல் தீர்ப்பு இடஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு விதித்தபோது, தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைக் காக்க ஜெயலலிதா அரசு சட்டம் இயற்றியது. 1994இல் 76ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. திராவிடர் கழகத்தின் கி. வீரமணி ஜெயலலிதாவை ஆதரித்து ‘சமூகநீதி காத்த வீராங்கனை’ என்று பட்டமளித்தார். 1954இன் தர்க்கம் இங்கே செல்லாது. ஆட்சியில் இருந்தவர் பிறப்பால் பிராமணர். மாற்றாகக் காத்திருந்ததோ திராவிட இயக்கத்தில் வளர்ந்த கலைஞர். அப்போதைய எதிரி உச்சநீதிமன்ற வரம்புதான் என்று சொல்லி என் விளக்கத்தை நீட்டிவிடலாம். அப்படி நீட்டினால் ‘எதிரி’ என்பது எதற்கும் பொருந்தும் பெயராகிவிடும். எதையும் விளக்காத பெயராகவும் ஆகிவிடும். அந்த முடிவில் கொள்கையே முன்னின்றது என்று ஏற்றுக்கொள்வதே சரி. 1952க்கும் 1971க்கும் இடையே எதிரி யார் என்பதை இருவரும் தங்கள் இதழ்களில் பெயர் சொல்லி, நாள் தவறாமல் எழுதினார்கள். இந்த விளக்கம் அங்கே நிற்பது அந்த எழுத்து இருப்பதால்தான். வேறு காலத்துக்கும் வேறு ஆட்களுக்கும் இதைக் கொண்டுபோக விரும்புபவர் முதலில் அத்தகைய எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.